இருபதாவது குழி

அத்தியாயம் 6

திருட்டுப் போன பொருள் தன் காலாலேயே நடந்து வந்ததுபோல் பேராசிரியர் தொகாஷியின் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. உள்ளே இரண்டு ஐஸ் பொட்டலம். நடுவில் நாலாக மடித்த துணி. துணிக்குள் தீப்பெட்டி அளவில் ஓர் அலுமினியத் தட்டு.

குஸே சிஸுரு அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பத்து நாளாக அவள் தேடியது இதைத்தான். சகாமிஹாரா ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சலவைக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். வயது ஐம்பத்தொன்று. இதுவரை வந்த வழக்குகளில் பாதி ஓடிப்போன கணவன்மார்கள், மீதி ஓடிப்போன பூனைகள். வானத்துக்குப் போய்விட்டு வந்த பொருளைக் கண்டுபிடிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"பூனைன்னா பசிச்சா திரும்பி வரும். இதுக்கு என்ன பசி?" என்றார் முரோய்.

முரோய் அவளுடைய உதவியாளர். இருபத்தாறு வருடம் டாக்ஸி ஓட்டியவர். வண்டியை விற்ற பிறகும் வாயை மட்டும் விற்கவில்லை.

தொகாஷி சிரிக்கவில்லை. "கூரியர் காலையில கொண்டுவந்து கொடுத்தான். அனுப்பினவர் பேர் பொய். பொருள் வந்துருச்சு. உங்க வேலை முடிஞ்சது, குஸேசான்."

"எடுத்தது யாருன்னு தெரிய வேணாமா?"

"அது எனக்கு முதல்லயே தெரியும். ஐஹாரா. மனசு உறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அதோட அவ இங்க இருக்கறது முடிஞ்சுது."

ஐஹாரா அந்தக் குழுவின் இளைய ஆராய்ச்சியாளர். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து வேலை பார்க்கிறவள். நாலு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு குளிர்ப்பெட்டி அறையின் கதவைக் கடைசியாகத் திறந்தது அவளுடைய நுழைவு அட்டை. திங்கட்கிழமை காலை மூன்றாம் தட்டான இதைக் காணோம். போதாததற்கு, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்ததும் தெரியவந்தது. தொகாஷிக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

குஸே தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு அளவில் இருபது குழிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே சின்னக் கண்ணாடி மூடி. பத்தொன்பதில் காயவைத்த நுண்ணுயிர் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. இருபதாவது காலி. தலைக்கு நானூறு கிலோமீட்டர் மேலே சுற்றும் விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரில் இந்தத் தட்டை ஒரு வருடம் மாட்டிவைத்திருந்தார்கள். காற்றில்லாமல், தண்ணீரில்லாமல், வெயிலிலும் குளிரிலும் உயிர் என்ற ஒன்று தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க. பக்கத்திலேயே தூசிப் பொறி ஒன்றையும் மாட்டியிருந்தார்கள். புகையைக் கட்டியாக உறையவைத்ததுபோல் இருக்கும் அந்தப் பாளத்தில், விண்ணிலிருந்து பறந்து வரும் மணலைவிடச் சின்னத் துகள்கள் குத்திக்கொண்டு நிற்கும்.

"தூசிப் பொறியும் அதே குளிர்ப்பெட்டியிலதானே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அதே அடுக்குல, அதே இடத்துல."

"வால்நட்சத்திரத் துகள் மாட்டியிருக்கற பொறிய விட்டுட்டு, கிருமித் தட்ட எடுத்துட்டுப் போயிருக்கான். திருடன் ருசியே வேற மாதிரி," என்றார் முரோய். சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் மூக்கை நுழைத்தார். இரண்டு தடவை இழுத்தார். "முதலாளியம்மா, இங்க வாங்க."

"என்ன?"

"பின்சீட்டுல உட்கார்றவங்க ராத்திரி என்ன சாப்பிட்டாங்கன்னு கண்ணாடியப் பார்க்காமலே சொல்லுவேன். இந்தத் துணி தவிட்டுப் பானை பக்கத்துல காய்ஞ்ச துணி."

குஸே முகர்ந்தாள். லேசான புளிப்பு. அரிசித் தவிடு, உப்பு. காய்கறியைப் புதைத்து ஊறவைக்கும் பானையின் வாசனை. பெட்டிமேல் ஒட்டியிருந்த கூரியர் சீட்டில் 'பொருள்' என்ற இடத்தில் திருத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தது: ஊறுகாய். அதற்குப் பக்கத்தில் 'குளிர்பதனம், உறையவைக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

"தொகாஷி சென்செய், இத உறையவெச்சா கெட்டுப் போகுமா?"

"கெடாது, ஆனா எங்க விதிப்படி நாலு டிகிரியிலதான் வைக்கணும்."

"அப்ப அனுப்பினவருக்கு உங்க விதி தெரியும்."

"ஐஹாராவுக்கும் தெரியும்."

"ஐஹாராசான் வீட்டுக்கு நான் போயிருக்கேன். ஆறுக்கு எட்டு அடி அறை. அடுப்புன்னு பேருக்கு ஒண்ணு இருக்கு, அதுமேல புத்தகம் அடுக்கியிருக்கா. தவிட்டுப் பானை வைக்கறவ இல்ல."

தொகாஷி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றேகால். குஸே பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். அவளிடம் இருந்த ஒரே அறிவியல் கருவி அதுதான். அதுவும் கூரியர் சீட்டு படிக்க வாங்கியது.

பத்தொன்பது குழிகளின் விளிம்பிலும் மெல்லிய பழுப்புக் கறை. ஒரு வருட வெயில் பூசிய நிறம். மூடியைச் சுற்றிய பசை கலையவில்லை. இருபதாவதில் மட்டும் பசை புதிது. உள்ளே கறையே இல்லை. புதுக் கரண்டி மாதிரி பளபளத்தது.

அவள் நிமிர்ந்தாள். "இருபதாவது குழியில என்ன இருந்துச்சு?"

"சொன்னேனே. ஒண்ணுமில்ல. காலி. ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக விட்டது."

"அத யாரோ கழுவியிருக்காங்க."

"என்ன?"

"மத்த பத்தொன்பதத் தொடவே இல்ல. காலியா இருந்ததத் திறந்து, கழுவி, மூடி ஒட்டி, அனுப்பியிருக்காங்க. காலியா இருந்தத எதுக்கு சார் கழுவணும்?"

தொகாஷி முதல்முறையாகத் தட்டின் பக்கம் குனிந்தார்.

"மேல அனுப்பறதுக்கு முன்னால எடுத்த போட்டோ இருக்குமே," என்றாள் குஸே.

இருந்தது. கணினித் திரையில் பெரிதாக்கினார்கள். பத்தொன்பது இளஞ்சிவப்புப் புள்ளிகள். இருபதாவது குழியில் உலோகம் மின்னியிருக்க வேண்டும். மின்னவில்லை. தேநீர்க் கறைபோல் ஒரு மங்கல் அடியில் படிந்திருந்தது. ஒன்றரை வருடமாகப் பதினோரு பேர் பார்த்த படம். காலி என்று எழுதியிருந்ததால் யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

"இந்தத் தட்டுல குழிய நிரப்பினது யாரு?"

தொகாஷி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "சகாகுரா. எங்க டெக்னீஷியன். முப்பத்தஞ்சு வருஷம். கை நடுங்காத மனுஷன். ஆனா அவர் மார்ச்லயே ஓய்வு பெற்றுட்டார். அட்டையும் திருப்பிக் கொடுத்துட்டார். உள்ள வரவே முடியாது."

ஐஹாரா தாழ்வாரக் கோடியில், பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் சூடான காபி டப்பா. திறக்கவில்லை. மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் போல. காலடியில் ஓர் அட்டைப்பெட்டி.

"அந்த வெள்ளிக்கிழமை யாராவது வெளியாள் வந்தாங்களான்னு போன வாரம் கேட்டேன்," என்றாள் குஸே.

"யாரும் வரலன்னு சொன்னேன். நிஜமாவே யாரும் வரல."

"சரி. வேற மாதிரி கேக்கறேன். அன்னிக்கு ஏதாவது தின்னீங்களா?"

ஐஹாரா விழித்தாள். "தின்னேன். கஷ்கொட்டைப் பலகாரம். சகாகுராசான் கொண்டுவந்திருந்தார்."

முரோய் தொண்டையைச் செருமினார்.

"கதவ யார் திறந்தது?"

"நான்தான். கீழயிருந்து போன் பண்ணார். அட்டை இல்லையே அவர்கிட்ட. உள்ள அஞ்சு நிமிஷம் இருந்தார். பழைய அறையப் பார்த்துட்டுப் போறேன்னார். நான் டீ போடப் போனேன்." சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. "நீங்க வெளியாள்னு கேட்டீங்க. அவர் வெளியாள் இல்லையே."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"மறைக்கல. எனக்குத் தோணவே இல்ல." அவள் காபி டப்பாவைப் பார்த்தாள். "இருபது வருஷமா இந்தக் குழு ஆராய்ச்சிப் பேப்பர் எழுதுது. ஒரு பேப்பர்லயும் அவர் பேர் கிடையாது. பக்கத்துல நின்னாலும் யாரும் அவரக் கணக்குல வைக்க மாட்டோம். நானும் வைக்கல."

குஸே அதற்குமேல் கேட்கவில்லை. அப்படி யார் கணக்கிலும் வராமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். கணவன் போய் பதினோரு வருடமாகிறது. அவன் போனது கீழே சலவைக் கடைக்காரருக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆயிற்று.

சகாகுரா இருக்கும் புஜினோவுக்குப் போகிற பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. நவம்பர் கடைசி. பறிக்க ஆளில்லாத சீமைப்பனிச்சைப் பழங்கள் மொட்டை மரங்களில் தொங்கின.

"முதலாளியம்மா, தட்டு வந்துருச்சு. காசு கொடுத்துடுவாங்க. நாம பாட்டுக்குத் திரும்பிப் போயி சூடா நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கலாம்."

"அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

"அதுக்காகக் கிழவர மாட்டி விடப்போறோமா?"

"தெரியல."

"பத்து நாளா சம்பளம் வாங்கறோம். இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேலை வந்துச்சு. அதுக்கும் தெரியலன்னா எப்படி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். முரோய் ஒரு வளைவைத் திருப்பினார். பிறகு, "என் பொண்ணு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்றா. மீன் சட்டி வைக்கறாளாம். நீங்களும் வாங்களேன்," என்றார்.

"வேலை இருக்கு."

"பூனை ஏதும் காணாமப் போகலையே."

"ஓட்டுங்க, முரோய்சான்."

சகாகுராவின் வீடு ஆற்றைப் பார்த்த சரிவில் இருந்தது. வாசலில் பிளந்த விறகுக் கட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டு குளிர்காலத்துக்கு வரும். கதவைத் திறந்தவர் உயரமான, ஒல்லியான மனிதர். அறுபத்தாறு வயது. குஸே தன் பெயரையும் தொழிலையும் சொன்னாள். அவர் முகத்தில் பயம் வரவில்லை. "நாளைக்கு வருவீங்கன்னு நினைச்சேன். உள்ள வாங்க. குளிர் அடிக்குது," என்றார்.

தனியாக இருப்பவர்களின் வீட்டை வாசிக்கக் குஸேக்குப் பழக்கம். தட்டு வடியும் கூடையில் ஒரு கிண்ணம், ஒரு ஜோடி சாப்பிடும் குச்சி. சாப்பாட்டு மேஜையில் நாலு நாற்காலி. மூன்றின் மேல் செய்தித்தாள். மர அலமாரிமேல் ஒரு பெண்ணின் படம். வாய்விட்டுச் சிரிக்கும்போது எடுத்தது. முன்னால் ஒரு கிண்ணம் சோறு. ஆவி இன்னும் அடங்கவில்லை.

சகாகுரா நாற்காலிகளிலிருந்து செய்தித்தாளை எடுத்தார். டீ வைத்தார். கூடவே ஒரு தட்டில் ஊறின வெள்ளரிக்காய், வட்டம் வட்டமாக. எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு முன்பே முரோய் இரண்டை வாயில் போட்டார். குஸேயும் ஒன்று எடுத்தாள். மொறுமொறுப்பு இருந்தது. புளிப்பு இன்னும் பழுக்கவில்லை.

"புதுப் பானை," என்றாள் அவள். "நாலு வாரம் இருக்குமா?"

"நாலு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு."

அவர் எடுக்கவில்லை. தட்டின் பக்கம் கை போகவேயில்லை. குஸே அதைக் கவனித்தாள்.

"சகாகுராசான், இருபதாவது குழியில என்ன வெச்சீங்க?"

அவர் அலமாரிமேல் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஆய்வுக்கூடத்தில் கணக்குச் சொல்கிறவரைப்போல் சொல்ல ஆரம்பித்தார்.

"கினுயோ, என் மனைவி. அவ கிட்ட ஒரு தவிட்டுப் பானை இருந்துச்சு. முப்பத்தொரு வருஷம். தினம் காலையில கைய விட்டுக் கிளறுவா. அந்தப் புளிப்பு கையிலிருந்து வர்றது. ஆளுக்கு ஆள் மாறும். தட்டு நிரப்பற வேலை வந்தப்ப அவளுக்கு உடம்பு சரியில்லாமப் போயிருந்துச்சு. வீட்டுல படுத்துக்கிட்டே கேலி பண்ணுவா. நீங்க தேடிப் பிடிச்சுக் கொண்டு வர்ற கிருமி என்ன பெரிய கிருமி, என் பானையில இருக்கறத அனுப்புங்க, அது உங்க தொகாஷியையே தாங்கும்பா."

முரோய் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

"ஒரு கடுகளவு எடுத்துக் காயவெச்சேன். காலிக் குழியில பூசினேன். தப்புன்னு தெரியும். முப்பத்தஞ்சு வருஷத்துல அது ஒண்ணுதான். ராக்கெட் போனப்ப டிவியில ரெண்டு பேரும் பார்த்தோம். அவ கைதட்டினா." டீயை ஒரு வாய் குடித்தார். "போன வருஷம் ஆகஸ்ட்ல ஆஸ்பத்திரியில சேர்த்தேன். நாப்பது நாள் நானும் அங்கயே இருந்தேன். அவ போய், எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பார்த்தா, அந்த வெயில்ல பானை அழுகிப் போயிருந்துச்சு. கிளற ஆள் இல்லையே. கொட்டிட்டேன். கொட்டிட்டு, கழுவிட்டு, கவுத்து வெச்சப்பறம்தான் மேல கொஞ்சம் இருக்கறது ஞாபகம் வந்துச்சு."

எழுந்து ஸ்டவ்வுக்குள் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"தட்டு கீழ வந்தப்பறம் கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டாங்க. அதனால எடுத்தேன். பாதியக் கழுவிப் புதுத் தவிட்டுல விட்டேன். மீதிய, தவறிப் போச்சுன்னா இருக்கட்டும்னு குழியிலயே விட்டு வெச்சேன். போன வாரம் பானை புளிக்க ஆரம்பிச்சுது. அப்பறம் மீதியையும் கழுவி ஊத்திட்டுத் தட்ட அனுப்பினேன். மத்த பத்தொன்பதுக்கும் ஒரு குறையும் வரல. அது அவங்க உழைப்பு."

முரோய் வெள்ளரித் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார். "ஐயா, ஒரு சந்தேகம். நான் இப்ப தின்னது வானத்துலயிருந்து வந்ததா?"

"வந்திருக்கலாம்."

"அஞ்சு துண்டு தின்னுட்டேன். சொல்லியிருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பேனே."

"நீங்க ஏன் சாப்பிடல?" என்று குஸே கேட்டாள்.

சகாகுரா கைகளைப் பார்த்துக்கொண்டார். "வாயில வெச்சா தெரிஞ்சுடும்."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. குஸே மணியைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். சொல்லாமல் போகலாம். தொகாஷியிடம் தடயம் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இந்த மனிதர் பானையைக் கிளறிக்கொண்டு இருக்கட்டும். தாழ்வாரத்தில் நின்ற பெண்ணின் காலடியில் இருந்த அட்டைப்பெட்டி அவள் கண்ணில் வந்தது.

"சகாகுராசான், இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஐஹாராசான வேலையிலிருந்து எடுக்கறாங்க. அவங்கதான் எடுத்தாங்கன்னு."

அவர் புரியாதவர்போல் பார்த்தார். "ஐஹாராவையா? ஏன்?"

"அவங்க அட்டையிலதான் கதவு திறந்திருக்கு."

"எனக்கு யாரும் சொல்லலையே." பிறகு அவரே, "யார் சொல்லப் போறாங்க," என்றார். எழுந்துவிட்டார். "தட்டு திரும்பிப் போனா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு எனக்கு டீ போடப் போச்சு."

"நீங்க வந்து சொன்னா போதும்."

"போதாது. விதி இருக்கு. அனுமதி இல்லாம மேல போய்த் திரும்பின எந்த உயிரும் வெளிய இருக்கக் கூடாது. நீராவிக் கலத்துல வெச்சு அழிக்கணும். அந்த விதிய எங்க சுவத்துல ஒட்டினதே நான்தான்."

சமையலறைக்குப் போனார். இவர்களும் பின்னால் போனார்கள். ஜன்னலோரத்தில், நிழலில், பழுப்பு நிறப் பானை. மூடியைத் திறந்து, கையை மணிக்கட்டுவரை விட்டு ஒரு முள்ளங்கியை எடுத்தார். கழுவினார். ஒரு துண்டு நறுக்கி நின்றுகொண்டே வாயில் போட்டார்.

நீண்ட நேரம் மென்றார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முரோய் எட்டி மூடினார்.

"அவங்களா?" என்றாள் குஸே.

"இல்ல." துணியில் கையைத் துடைத்தார். "வேற யாரோ. நானா இருக்கும். தினம் கிளறினது நான்தானே."

கோட்டை மாட்டிக்கொண்டு, பானையைப் பெரிய துணியில் கட்டினார். காரில் பின்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க முரோய் ஒரு தமாஷும் சொல்லவில்லை. வளைவுகளில் மட்டும் வண்டியை மிக மெதுவாகத் திருப்பினார்.

தொகாஷியின் அறையில் சகாகுரா இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தன் பக்க நியாயம் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. தலையை ரொம்பத் தாழ்த்தி வணங்கி, அப்படியே நின்றார். தொகாஷி அவரையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"மூணாம் தட்டு முழுசும் கணக்கிலிருந்து போகும். புரியுதா? ஒரு வருஷ வேலை."

"புரியுது."

"முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தீங்க. மனைவி காலமானத ஒரு வார்த்தை சொல்லலையே."

"விடுப்புக் கடிதத்துல எழுதியிருந்தேன், சென்செய்."

தொகாஷி வாசலில் நின்ற ஐஹாராவின் பக்கம் திரும்பினார். அவருடைய இடுப்பு வளைந்து குஸே பார்த்ததில்லை. இப்போது வளைந்தது, கொஞ்சம் சிரமத்தோடு. "நான் தப்பா நினைச்சுட்டேன், ஐஹாராசான்."

ஐஹாராவும் பதிலுக்கு வணங்கினாள். ஆனால் அவள் கண் தட்டின் மேலேயே இருந்தது. "சென்செய், இருபதாவது குழியோட மூடிக்கு அடியில ஒரு விளிம்பு இருக்கு. கழுவினாலும் தண்ணி அங்க போகாது. சுரண்டி வளர்த்துப் பார்க்கட்டுமா?"

"அது கணக்குல இல்லாத குழி."

"கணக்குல சேர்த்தா இருக்கும். எழுதிட்டு அழிக்கலாம். எழுதாம அழிச்சா அது நாம பண்ற தப்பு."

தொகாஷி தலையசைத்தார். ஐஹாரா பதிவுத் தாளை எடுத்துவந்தாள். 'மாதிரி: அரிசித் தவிட்டு ஊறல்.' 'தயாரித்தவர்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, தாளைச் சகாகுராவின் பக்கம் நகர்த்தினாள். அவர் எழுதினார். திருத்தமான கையெழுத்து. சகாகுரா கினுயோ.

தொகாஷி அந்தப் பெயரைப் பார்த்தார். தன் முத்திரையை எடுத்து அதற்குக் கீழே அழுத்தினார்.

நீராவிக் கலத்தை இயக்கத் தெரிந்தவர் அன்று விடுப்பு. சகாகுராதான் பானையை உள்ளே வைத்தார். கதவைத் திருகினார். நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம். பொத்தானை அவரே அமுக்கிவிட்டு, முள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு துண்டு தின்னவனுக்கும் அதுல இடம் இருக்கா?" என்றார் முரோய் பின்னாலிருந்து, மெதுவாக.

சகாகுரா திரும்பாமலே, "உங்களுக்கு இது சின்னது," என்றார்.

நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐஹாரா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். முரோய் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். குஸே தனியாக உட்கார்ந்து கணக்கு முடித்த கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டாள். நன்றி சொன்னாள். போனிலேயே சகாகுராவுக்குச் சொல்லிவிடலாம் என்று எண்ணைத் தேடி எடுத்தாள். அப்புறம் கோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி துணி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பாலத்துல இருப்பாரு. வானம் தெளிவா இருந்தா இந்நேரத்துக்கு அங்கதான்."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. பாலத்தின் நடுவில் சகாகுரா கைப்பிடியில் சாய்ந்து மேற்கே பார்த்து நின்றார். குஸே போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல விண்வெளி நிலையம் வரும். நாலு நிமிஷம் தெரியும்," என்றார். "இப்ப அதுல ஒண்ணும் இல்ல. பழகிப்போச்சு."

வந்தது. மலை விளிம்பிலிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி, சத்தமில்லாமல், எந்த நட்சத்திரத்தையும்விடப் பிரகாசமாக, அவர்கள் தலைக்கு மேலே ஏறியது.

"ஐஹாராசான் போன் பண்ணாங்க," என்றாள் குஸே. "விளிம்புல சுரண்டினது வளர்ந்திருக்கு. ஒரே ஒண்ணு. இருபதாவது குழி, ஒண்ணு உயிரோடன்னு பதிவு பண்ணிட்டாங்க."

அவர் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கையிலிருந்து வந்ததா இருக்காது. அது தாங்காது. தவிட்டுல இருக்கற வகை. கெட்டியா ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கும்."

"ஆமா. அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. தவிட்டோடது." சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

அவர் கண்ணை இறக்கி அக்கரையைப் பார்த்தார். கீழே ஆறு இருட்டிக்கொண்டு ஓடியது.

"தவிடு அவதான் வாங்கிட்டு வருவா," என்றார். "அதோ, அக்கரையில ஒரு நெல்லு மில்லு இருந்துச்சு. சைக்கிள்ல போவா. வர்றப்ப மூட்டையப் பின்னால கட்டிக்கிட்டு, இந்தப் பாலத்துல ஏத்தம்னு இறங்கித் தள்ளிக்கிட்டு வருவா. கோட்டெல்லாம் தவிடா இருக்கும்."

புள்ளி உச்சியைத் தாண்டிக் கிழக்கே சரிந்து, பூமியின் நிழலுக்குள் போய் அணைந்தது. குஸேயின் பையில் திரும்பிப் போகிற டிக்கெட் இருந்தது. அடுத்த ரயில் ஐந்தே முக்காலுக்கு. அவள் நேரம் பார்க்கவில்லை.